தணிவும் குணமும்: திரும்பி வந்த ஒரு குருதிப் புற்றுநோயின் வரலாறு

பத்திரிகைத் தொழிலில் காலடி எடுத்து வைத்த ஆரம்ப ஆண்டுகளில், வெளிநாட்டுச் செய்தி முகவரகங்களிடமிருந்து வரும் செய்திகளைத் தமிழாக்கம் செய்யும் பணி என்னைப் போன்ற இளையவர்களிடமே ஒப்படைக்கப்படுவது வழக்கம். ஒருநாள் இரவு, குருதிப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த வெளிநாட்டுப் பிரமுகர் ஒருவரைப் பற்றிய செய்தி என் மேசைக்கு வந்தது. சிகிச்சையின் பயனாக அவரது நோய் 'ரெமிஷன்' நிலையை அடைந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்திருந்தனர். அகராதியைப் புரட்டுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. 'பூரண குணமடைந்தார்' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் அது அவ்வாறே அச்சாகியும் வந்தது.

ஒரு வருடம்கூடக் கழியவில்லை. அதே மனிதரின் மரணச் செய்தியையும் நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோயிருந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர் இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து, "தம்பி, பூரண குணமடைந்த மனுசன் எப்படி அதே வருத்தத்தாலை செத்தவர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

'ரெமிஷன்' என்பதற்கு நேரான சொல் தணிவு. அது குணம் அல்ல. நெருப்பு அணைந்துவிட்டது என்பதற்கும் தணல் சாம்பலுக்குள் மறைந்திருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாடே இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாடு. இந்த இடைவெளியை மருத்துவ உலகம் எவ்வாறு புரிந்துகொண்டது, எவ்வாறு குறுக்கியது என்பதை விளக்குவதற்கு, அபூர்வமான ஒரு குருதிப் புற்றுநோயின் வரலாற்றைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. அந்நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லியூக்கேமியா. சுருக்கமாக ஏ.பி.எல். என்பர்.

எமது குருதியிலுள்ள கலங்கள் (தமிழ்நாட்டு வழக்கில் செல்கள்) எலும்பு மச்சையில் பிறந்து, படிப்படியாக முதிர்ச்சியடைந்து, தமக்குரிய பணியைச் செய்து மடிகின்றன. வெண்கலங்களுள் ஒரு வகை, முதிர்ச்சியின் பாதிவழியில் இருக்கும் பருவத்துக்குப் புரோமைலோசைட் என்று பெயர். ஏ.பி.எல். நோயில் கலங்கள் இந்தப் பருவத்திலேயே நின்றுவிடுகின்றன. முதிர்வதுமில்லை, மடிவதுமில்லை, பெருகுவது மட்டுமே நிகழ்கிறது. மச்சை முழுவதையும் அவை ஆக்கிரமித்துக்கொள்ள, ஏனைய கலங்களுக்கு இடமில்லாது போகிறது. தீவிர மைலோயிட் லியூக்கேமியா எனப்படும் குருதிப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே இவ்வகையைச் சேர்ந்தது. முதியோரைவிட இளவயதினரையும் நடுவயதினரையுமே இது பெரிதும் பீடிக்கிறது.

இதைத் தனியொரு நோயாக முதன்முதலில் இனங்கண்டு எழுதியவர் நோர்வே நாட்டு மருத்துவரான லெய்ஃப் ஹில்லெஸ்டாட். 1957ஆம் ஆண்டு அவர் மூன்று நோயாளர்களைப் பற்றி எழுதினார். மூவரும் சில வாரங்களுக்குள்ளேயே மரணமடைந்திருந்தனர். கட்டுக்கடங்காத குருதிப்பெருக்கு அவர்களிடம் காணப்பட்டது. குருதிப் புற்றுநோய்கள் யாவற்றிலும் மிகக் கொடியது இதுவே என்ற அவரது கணிப்பை அடுத்துவந்த ஆண்டுகள் உறுதிப்படுத்தின. நோயுற்ற கலங்களிலிருந்து வெளியாகும் பொருள்கள் குருதி உறையும் ஒழுங்கையே குலைத்துவிடுவதால், மூளையிலோ நுரையீரலிலோ குருதி கசிந்து நோயாளி இறந்துபோவார். காலையில் பல்முரசில் கசிவு, மாலையில் மரணம் என்று சொல்லுமளவுக்கு அதன் வேகம் இருந்தது.

1973ஆம் ஆண்டு பிரான்சில் ஜோன் பெர்னார் என்னும் புகழ்பெற்ற குருதியியல் மருத்துவரும் அவரது சகாக்களும், டோனோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்தை இந்நோயாளர்களுக்குக் கொடுத்து, 34 பேரில் 19 பேர் தணிவு நிலையை அடைந்ததாக அறிவித்தனர். வாரக்கணக்கில் இறந்துகொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடு திரும்பினர் என்பது அந்நாளில் பெருஞ் சாதனை. ஆயினும் இதில் இரண்டு இடர்கள் இருந்தன. கீமோதெரபி நோய்க்கலங்களை உடைத்தழிக்கும்போது அவற்றின் உள்ளிருக்கும் பொருள்கள் வெளிப்பட்டுக் குருதிப்பெருக்கை மேலும் மோசமாக்கின. தப்பியவர்களிலும் பலருக்கு நோய் திரும்பி வந்தது. கீமோதெரபியை மட்டும் நம்பியிருந்த அக்காலத்தில் நீண்டகாலம் நோயின்றி வாழ்ந்தோர் பாதிக்கும் குறைவே.

தணிந்த நோய் ஏன் திரும்பி வருகிறது? இக்கேள்விக்கான முதலாவது விடை வெறும் கணக்கு. தீவிர குருதிப் புற்றுநோய் கண்டறியப்படும் வேளையில் ஒருவரது உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி நோய்க்கலங்கள் இருக்கலாம். சிகிச்சையின் பின் மச்சையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் மருத்துவர், முதிராத கலங்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்து, ஏனைய குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் வழமைக்குத் திரும்பியிருந்தால், தணிவு என்று அறிவிப்பார். ஆனால் அந்த நிலையிலும் உடலில் பல நூறு கோடி நோய்க்கலங்கள் எஞ்சியிருக்கக்கூடும். அவை கண்ணுக்குத் தென்படவில்லை என்பதே உண்மை. அவை இல்லை என்பதல்ல. எனது மேசைக்கு வந்த செய்தியில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் இதுதான்.

இரண்டாவது விடைக்கு இந்நோயின் வேரை அறிய வேண்டியிருந்தது. 1977ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனட் ரௌலியும் அவரது சகாக்களும், ஏ.பி.எல். நோயாளர்களின் கலங்களில் 15ஆம் இலக்க நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் 17ஆம் இலக்க நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் இடம் மாறியிருப்பதைக் கண்டறிந்தனர். தமிழ்நாட்டில் குரோமோசோம் என்றே அழைக்கப்படும் இந்நிறமூர்த்தங்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டதே நோயின் மூலம் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. ஆனால் அந்த ஒட்டின் உட்பொருள் விளங்குவதற்கு முன்னரே, சிகிச்சை எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்து சேர்ந்தது.

சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள ருயிஜின் வைத்தியசாலையில் பணியாற்றிய வாங் சென்யி என்னும் மருத்துவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. நோய்க்கலங்களைக் கொல்வதற்குப் பதிலாக, தடைப்பட்டு நிற்கும் அவற்றின் முதிர்ச்சியை நிறைவு செய்ய வைத்தால் என்ன என்பதே அது. குற்றவாளியைத் தண்டிப்பதைவிட நல்வழிப்படுத்துவது மேல் என்ற கன்பூசியஸின் சிந்தனை இவ்வெண்ணத்துக்குத் தூண்டுகோலாக இருந்ததாகக் கூறப்படுவதுண்டு. அறிவியல் அடிப்படையும் இருந்தது. விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினோயிக் அமிலம், சோதனைக் குழாயில் ஏ.பி.எல். கலங்களை முதிரச் செய்வதை 1980களின் ஆரம்பத்தில் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தின் தியோடர் பிரைட்மன் குழுவினர் காட்டியிருந்தனர்.

1980களின் நடுப்பகுதியில், கீமோதெரபி கைவிட்ட நிலையில் மரணத்தின் வாயிலில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு வாங் சென்யி இந்த அமிலத்தின் ஒரு வடிவமான 'ஓல்-ட்ரான்ஸ் ரெட்டினோயிக் அமிலம்' என்ற மருந்தைக் கொடுத்தார். அது வாயால் விழுங்கும் மருந்து. சிறுமி சில வாரங்களில் தணிவு நிலையை அடைந்து, பல்லாண்டுகள் உயிர்வாழ்ந்தாள். 1988ஆம் ஆண்டு 'பிளட்' என்னும் சஞ்சிகையில் ஷாங்காய் மருத்துவர்கள் 24 நோயாளர்களின் விபரங்களை வெளியிட்டனர். அவர்களுள் 23 பேர் இம்மருந்தால் மட்டுமே தணிவு நிலையை அடைந்திருந்தனர். எஞ்சிய ஒருவருக்குக் குறைந்த அளவு கீமோதெரபி தேவைப்பட்டது. புற்றுநோய் வரலாற்றில் அதுவரை எவரும் கண்டிராத பெறுபேறு அது.

இங்கேதான் இக்கதையின் கசப்பான திருப்பம் வருகிறது. அதே கட்டுரையிலேயே மற்றுமொரு எண்ணும் பதிவாகியிருந்தது. அந்த 24 பேரில் எட்டுப் பேருக்கு, இரண்டு முதல் ஐந்து மாதங்களுக்குள் நோய் திரும்பி வந்திருந்தது. பாரிஸிலும் நியூயோர்க்கிலும் இம்மருந்தைப் பயன்படுத்திய மருத்துவர்களும் இதையே கண்டனர். மருந்தைத் தனியே கொடுத்தால் தணிவு நிச்சயம். ஆனால் மீள்வருகையும் ஏறத்தாழ நிச்சயம். திரும்பி வந்த நோய்க்கு அதே மருந்தை மீண்டும் கொடுத்தபோது பெரும்பாலும் பலன் கிட்டவில்லை. உடல் இம்மருந்தை விரைவாகச் சிதைக்கப் பழகிவிடுவதும், மருந்து பற்றிக்கொள்ளும் இடமே சில நோய்க்கலங்களில் மாற்றமடைந்துவிடுவதும் இதற்கான காரணங்கள் எனப் பின்னாளில் அறியப்பட்டது. கீமோதெரபியையும் சேர்த்துக் கொடுத்தால் மீள்வருகை குறைகிறது என்பதை 1990களின் ஆரம்பத்தில் பிரான்ஸ் மருத்துவர்கள் நிறுவினர். அப்படியும் ஒரு பகுதியினருக்கு நோய் திரும்பவே செய்தது. அவர்களுக்குக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

அவர்களுக்கான மருந்து, ஷாங்காயிலிருந்து வடக்கே வெகுதொலைவில், பனி உறைந்த ஹார்பின் நகரில் ஏற்கனவே இருந்தது. உலகம்தான் அதை அறிந்திருக்கவில்லை.

1970களின் ஆரம்பத்தில் அந்த மாகாணத்தின் கிராமமொன்றில் புற்றுநோய்க்கு நாட்டு மருந்து கொடுக்கப்படுவதாகச் செய்தி பரவியது. அதைப் பரிசோதிக்க ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதலாவது இணைப்பு வைத்தியசாலையைச் சேர்ந்த சாங் திங்தொங் அனுப்பப்பட்டார். அம்மருந்தில் மூன்று நஞ்சுகள் இருந்தன: ஆர்சனிக், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு. மருந்தாளரான ஹான் தாய்யுன் அதை ஊசிமருந்தாக மாற்றியிருந்தார். சாங் திங்தொங் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. தேரை நஞ்சு குருதி அழுத்தத்தை உயர்த்தியது. இரண்டையும் நீக்கிய பின்னும் மருந்து பலனளித்தது. அப்படியானால் வேலை செய்தது ஆர்சனிக்தான். எல்லாக் குருதிப் புற்றுநோய்களிலும் இது சமமாகப் பலனளிக்கவில்லை என்பதையும், ஏ.பி.எல். வகையிலேயே அதிசயிக்கத்தக்க பலன் கிடைக்கிறது என்பதையும் 1970களின் இறுதிக்குள் ஹார்பின் மருத்துவர்கள் கண்டுகொண்டனர். 1992ஆம் ஆண்டு அவர்கள் 32 ஏ.பி.எல். நோயாளர்களைப் பற்றி எழுதினர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தணிவு நிலையை அடைந்திருந்தனர். ஆனால் அக்கட்டுரை சீன மொழியில் வெளியானதால் மேற்குலகின் கண்ணில் படவில்லை.

ஆர்சனிக் என்பது வேறொன்றுமல்ல. எமது முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அழைத்த கொடிய நஞ்சே இங்கு பேசப்படும் ஆர்சனிக் ட்ரையொக்சைட். தாளகமும் மனோசிலையும் அதன் உறவினங்கள். சித்த மருத்துவத்தில் இவை இடம்பெற்றமையை வாசகர்கள் அறிவர். மேற்குலகிலும் தோமஸ் ஃபௌலர் என்ற ஆங்கில மருத்துவர் 1786இல் ஆர்சனிக் கரைசலொன்றைப் பற்றி எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் அது நாட்பட்ட குருதிப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்பட்டது. பின்னர் கதிர்வீச்சும் நவீன மருந்துகளும் வந்ததும் அது கைவிடப்பட்டது.

1990களின் நடுப்பகுதியில் ஹார்பினும் ஷாங்காயும் கைகோத்தன. வாங் சென்யியின் மாணவர்களான சென் சூ, சென் சாய்சுவான் தம்பதியினர் இவ்வாய்வில் முக்கிய பங்கேற்றனர். நோய் திரும்பி வந்த 15 நோயாளர்களைப் பற்றி 1997இல் அவர்கள் 'பிளட்' சஞ்சிகையில் எழுதினர். ஆர்சனிக்கை மட்டும் பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் மீண்டும் தணிவு நிலையை அடைந்திருந்தனர். அடுத்த ஆண்டே நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையம், நோய் திரும்பிய 12 பேரில் 11 பேருக்கு இதே பலன் கிட்டியதாக 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் உறுதிப்படுத்தியது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு அங்கீகாரம் வழங்கியது.

இவ்விரு மருந்துகளும் ஏன் இத்துணைப் பொருத்தமாக அமைந்தன என்பதற்கான விடை, ரௌலி கண்ட அந்த நிறமூர்த்த ஒட்டிலேயே இருந்தது. 15ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பி.எம்.எல். என்ற மரபணுவும், 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள, ரெட்டினோயிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கான மரபணுவும் ஒட்டிக்கொள்வதால், இயற்கையில் இல்லாத ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. கலங்களின் முதிர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது அதுவே. ரெட்டினோயிக் அமிலம் அப்புரதத்தின் ஒரு முனையைப் பற்றுகிறது. ஆர்சனிக் மறுமுனையான பி.எம்.எல். பகுதியைப் பற்றுகிறது என்பது 2010ஆம் ஆண்டு நேரடியாக நிரூபிக்கப்பட்டது. இரு முனைகளிலும் பிடிபட்ட புரதம் சிதைந்து அழிகிறது. அது அழிந்தால் நோயைப் புதுப்பிக்கும் வேர்க்கலங்களும் நிலைக்க முடியாது. ஒரு முனையை மட்டும் பிடித்தபோது நோய் நழுவித் திரும்பியது ஏன் என்பதும் இதனால் விளங்கியது.

இதே ஒட்டு இன்னொரு வகையிலும் உதவியது. நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத எஞ்சிய நோயை, பி.சி.ஆர். என்னும் மூலக்கூற்றுப் பரிசோதனை மூலம் தேடலாம் என்றாயிற்று. கலப்பு மரபணுவின் தடயத்தை, பல்லாயிரம் நல்ல கலங்களிடையே ஒரு நோய்க்கலம் ஒளிந்திருந்தாலும் இப்பரிசோதனை காட்டிக்கொடுக்கும். தணிவு என்ற சொல்லுக்கு இதனால் இரண்டு படிகள் உண்டாயின. ஒன்று கண்ணுக்குத் தெரியும் தணிவு. மற்றது மூலக்கூற்று மட்டத்திலான தணிவு. சிகிச்சை முடிந்த பின்னர் இத்தடயம் மீண்டும் தோன்றினால், நோயாளி நலமாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். நோய் முழு உருவில் வந்த பின் தொடங்குவதைவிட இது சிறந்த பலனைத் தருகிறது என்பதை இத்தாலியரான பிரான்செஸ்கோ லோ கோக்கோவின் குழுவினர் 1990களின் இறுதியில் எடுத்துக்காட்டினர்.

அதே லோ கோக்கோ தலைமையில் இத்தாலிய, ஜேர்மனிய மருத்துவர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றின் உச்சம் எனலாம். நோய் திரும்பியவர்களுக்கான கடைசி மருந்தாக இருந்த ஆர்சனிக்கை, அவர்கள் முதல் நாளிலிருந்தே ரெட்டினோயிக் அமிலத்துடன் சேர்த்துக் கொடுத்தனர். வழமையான கீமோதெரபி அறவே இல்லை. மிகக் கடுமையான ஆபத்துப் பிரிவைச் சேராத அந்நோயாளர்களுள், பலன் மதிப்பிடப்பட்ட 77 பேரும் தணிவு நிலையை அடைந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் மீள்வருகை போன்ற பின்னடைவு எதுவுமின்றி இருந்தோர் 97 சதவீதம். கீமோதெரபியுடன் ரெட்டினோயிக் அமிலம் பெற்ற மற்றைய பிரிவில் இது 86 சதவீதமாக இருந்தது. வாரக்கணக்கில் கொன்ற நோய், அரை நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், பெரும்பாலோருக்குக் குணமாகக்கூடிய நோயாக மாறிவிட்டது.

இவ்வரலாற்றில் எமக்கு அண்மையிலுள்ள ஓர் அத்தியாயமும் உண்டு. ரெட்டினோயிக் அமிலத்துக்கும் கீமோதெரபிக்கும் ஆகும் செலவைச் சாதாரண மக்கள் தாங்க இயலாத நிலையில், தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், புதிதாக நோய் கண்ட ஏ.பி.எல். நோயாளர்களுக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொண்டு சிகிச்சை அளிக்கத் துணிந்தனர். 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு அவ்வாறு சிகிச்சை அளிக்கப்பட்டது. 86 சதவீதமானோர் தணிவு நிலையை அடைந்தனர். விக்ரம் மத்தியூஸும் சகாக்களும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட இப்பெறுபேறு, வசதி குறைந்த நாடுகளிலும் இந்நோயை வெல்லலாம் என்பதற்குச் சான்றாக அமைந்தது.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவது தவறாகும். முதலாவது, பாஷாணம் மருந்தாயிற்று என்பதனால் எவரும் அதை வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. வைத்தியசாலையில் வழங்கப்படுவது சுத்திகரிக்கப்பட்ட, அளவு கணக்கிடப்பட்ட மருந்து. அதைக் கொடுக்கும்போதுகூட இதயத் துடிப்பையும் குருதியிலுள்ள உப்புகளையும் இடையறாது கண்காணிக்கின்றனர். நோய்க்கலங்கள் திடீரென முதிரும்போது மூச்சுத்திணறலும் காய்ச்சலும் தோன்றி உயிருக்கு ஆபத்து நேர்வதும் உண்டு. இரண்டாவது, இந்நோயில் இன்றும் உயிரிழப்போரில் பலர், நோய் திரும்பியதனால் அல்ல, சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரோ முதல் சில வாரங்களுக்குள்ளோ குருதிப்பெருக்கினாலேயே இறக்கின்றனர். காரணமின்றி உடலில் தோன்றும் கன்றல்கள், நிற்காத மூக்குக் குருதி, பல்முரசுக் கசிவு ஆகியவற்றை அலட்சியம் செய்யாது அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நோய் என்ற சந்தேகம் எழுந்தவுடனேயே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ரெட்டினோயிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நியதி.

ஏ.பி.எல். நோயில் கிட்டிய வெற்றி எல்லாக் குருதிப் புற்றுநோய்களுக்கும் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏனைய பலவற்றில் மீள்வருகை இன்னமும் பேராபத்தாகவே இருக்கிறது. ஏ.பி.எல். நோயிலும் சிலருக்கு அது திரும்பத்தான் செய்கிறது. ஆனால் அவர்களுக்கும் பெரும்பாலும் ஆர்சனிக் மூலம் இரண்டாவது தணிவும், தேவைப்படின் அதன் பின் மூலக்கல மாற்றுச் சிகிச்சையும் கிடைக்கும் வாய்ப்பு உள்ளது. மீள்வருகை என்பது முற்றுப்புள்ளி என்ற நிலை மாறிவிட்டது.

2020ஆம் ஆண்டு வாங் சென்யிக்கும் சாங் திங்தொங்குக்கும் சேர்த்து சீனாவின் 'எதிர்கால அறிவியல் பரிசு' வழங்கப்பட்டது. இருவரும் அதற்குத் தகுதியானவர்களே. எனினும் இக்கதையில் பரிசு பெறாத, பெயர் அறியப்படாத சிலரும் உள்ளனர். மாத்திரையால் உயிர் பெற்று, சில மாதங்களில் நோய் திரும்பி வந்து, ஒரு நஞ்சை நரம்பில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்த மனிதர்கள் அவர்கள். அவர்களிடமிருந்து கற்ற பாடமே, பின்வந்தவர்களுக்கு முதல் நாளிலேயே வழங்கப்படும் சிகிச்சையாயிற்று.

அந்த மூத்த ஆசிரியர் இன்று உயிருடன் இல்லை. அவரது கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்த மனிதர் பூரண குணமடைந்திருக்கவில்லை. அவரது நோய் தணிந்திருந்தது. உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒருவருக்கு மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னால், மகிழுங்கள், அது மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் அடுத்த பரிசோதனைக்குரிய திகதியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.